மூடிய லேப்டாப் தூங்குகிறதா?

லேப்டாப்பின் மூடியை மூடினால் அது தூங்கிவிடும். பத்துப் பதினைந்து வருடமாக லேப்டாப் புழங்குகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒருமுறை எழும்பூரில் இரவு ரயில் ஏறியபோது, 80 சதவீதம் சார்ஜ் இருந்த லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, பையைத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுத்தேன். திருநெல்வேலி நெருங்கும்போது விடிந்திருந்தது. பையைத் திறந்தால் உள்ளே லேப்டாப் சுடுகிறது. சார்ஜ் 11 சதவீதம். இறங்கியதும் அதில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

பேட்டரி போய்விட்டது என்று நினைத்து ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். அவர்களும் புதிது மாற்றச் சொன்னார்கள். நல்ல வேளையாக உடனே மாற்றவில்லை. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்று கொஞ்ச நாளில் புரிந்தது. ‘ஸ்லீப்’ என்ற சொல்லுக்குள் இருந்த பொருள்தான் எனக்குத் தெரியாமலே மாறியிருந்தது. பவர் அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்தத் தூக்கம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற மின்மேலாண்மை முறையைக் கொண்டுவந்தன. அதில் எப்போது எதை அணைப்பது என்ற முடிவு பெரும்பாலும் பயாஸின், அதாவது கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலின், கையில் இருந்தது. கணினியின் முன்னால் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பயாஸுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் விசைப்பலகையில் கை படவில்லை என்றால் ஆள் இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதன் பிறகு அந்த முடிவு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. எந்த நிரல் ஓடுகிறது, படம் ஓடுகிறதா, கோப்பு இறங்குகிறதா என்பதெல்லாம் இயங்குதளத்துக்குத்தானே தெரியும். இன்றுவரை நம் லேப்டாப்கள் இந்த விதிமுறையின் வழியில்தான் போகின்றன. 2013 முதல் யூஇஎஃப்ஐ ஃபோரம் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது.

ஏசிபிஐ கணினியின் நிலைகளுக்கு எண் கொடுத்தது. எஸ்0 என்றால் விழித்திருக்கிறது. எஸ்5 என்றால் அணைந்துவிட்டது. நமக்கு வேண்டியவை நடுவில் இருக்கும் எஸ்3, எஸ்4 இரண்டும்.

எஸ்3 நிலையில் பிராசசர், திரை, டிஸ்க், வைஃபை எல்லாம் நின்றுவிடும். தற்காலிக நினைவகமான ரேம் மட்டும் தன்னிடம் இருப்பதை மறக்காமலிருக்கக் கொஞ்சம் மின்சாரம் வாங்கிக்கொண்டிருக்கும். இரவில் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பூஜை அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பை மட்டும் விட்டுவைப்போமே, அதுபோல. செலவு அரை வாட்டுக்கும் கீழேதான் இருக்கும். அதனால்தான் பழைய லேப்டாப்களை மூடி வைத்து இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் கணிசமான சார்ஜ் மிச்சம் இருந்தது.

எஸ்4தான் ஹைபர்னேட். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, வீட்டின் மெயினையே இறக்கிவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. செலவு ஏறக்குறைய பூஜ்யம். திரும்பத் திறக்கும்போது எழுதிவைத்ததைப் படித்து ரேமில் நிரப்ப வேண்டும் என்பதால் சில வினாடி கூடுதலாகப் பிடிக்கும்.

இதற்கிடையில் கைபேசிகளும் டேப்லெட்களும் வந்து மனிதர்களின் பழக்கத்தை மாற்றின. பொத்தானைத் தொட்டதும் திரை ஒளிர வேண்டும், சட்டைப் பையில் இருக்கும்போதே செய்தி வந்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். லேப்டாப்பும் அப்படி இருக்க வேண்டும் என்று 2012இல் விண்டோஸ் 8இல் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற முறை வந்தது. விண்டோஸ் 10இல் அது விரிந்து ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆனது. இதில் எஸ்3 கிடையாது. லேப்டாப் எஸ்0 நிலையிலேயே, அதாவது கணக்குப்படி விழித்தே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாகத்தையும் முடிந்தவரை அடக்கி வைக்கிறது. நடுநடுவே எழுந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கிறது.

எண்ணம் நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இதிலும் செலவு மிகக் குறைவு. திறந்ததும் வேலையைத் தொடங்கலாம். ஆனால் எல்லாப் பாகமும் ஒத்துழைத்தால்தான் இந்தத் தூக்கம் தூக்கமாக இருக்கும். ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுத்திருக்கும்போது ஒருவர் மட்டும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எப்படித் தூங்குவார்கள்? வைஃபை சிப் ஒரு நிறுவனம், டிஸ்க் ஒரு நிறுவனம், ஒலிச் சிப் வேறொரு நிறுவனம், அவற்றை இயக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதியவர் இன்னொருவர். இவர்களில் ஒருவர் அடங்காவிட்டாலும் பிராசசர் ஆழ்ந்த நிலைக்குப் போக முடியாது.

என் ரயில் இரவையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த லேப்டாப்பின் பேட்டரி 50 வாட் மணி. 80இலிருந்து 11க்கு வந்தது என்றால் கிட்டத்தட்ட 35 வாட் மணி காலி. பயணம் பத்து மணி நேரம் என்று வைத்தால் சராசரியாக மூன்றரை வாட். எஸ்3 தூக்கத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல். அந்த மூன்றரை வாட்டும் காற்றோட்டமில்லாத பைக்குள் இரவு முழுக்கச் சூடாக இறங்கியிருக்கிறது. பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, உங்கள் லேப்டாப் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, அதோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டினால் வருவதுதான் நமக்கு வேண்டிய கட்டளை. அதன் பின் ஓர் இடம் விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, ‘ஏ’ என்ற எழுத்தை அடித்தால் அந்த லேப்டாப்பில் எந்தெந்தத் தூக்க நிலைகள் உண்டு, எவை இல்லை என்று பட்டியல் வரும். அதில் எஸ்0 லோ பவர் ஐடில் என்று வந்தால் உங்களுடையது மாடர்ன் ஸ்டாண்ட்பை. ‘ஏ’க்குப் பதில் ஸ்லீப்ஸ்டடி என்று சேர்த்து எழுதினால் இன்னும் விரிவான ஓர் அறிக்கை கிடைக்கும். கடந்த சில நாட்களில் எப்போதெல்லாம் தூங்கியது, அப்போது எவ்வளவு சார்ஜ் இறங்கியது, தூங்கவிடாமல் செய்தது எந்தப் பாகம் அல்லது நிரல் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவில் சார்ஜ் கரைகிறது என்று சொல்கிற எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வைஃபை டிரைவரைப் புதுப்பித்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு.

பயாஸில் போய் எஸ்3க்கு மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சில மாடல்களில் அதற்கு வழி இருந்தது. லெனோவோவின் ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் பயாஸைப் புதுப்பித்த பிறகு தூக்க நிலைக்கு விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தேர்வுகள் வந்தன. லினக்ஸ் என்று வைத்தால் எஸ்3 கிடைத்தது. ஆனால் 2020க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் எஸ்3 என்பதே இல்லை. எஸ்3 இருக்கிற லேப்டாப்பிலும், விண்டோஸை நிறுவிய பின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் இயங்குதளத்தைத் திரும்ப நிறுவ வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட்.

அதனால் நான் செய்ததும் மற்றவர்களுக்குச் சொல்வதும் எளிமையான ஒன்று. பேட்டரியில் இருக்கும்போது மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போனால், மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம் இருக்கிறது. பேட்டரிக்குத் தனியாகவும் சார்ஜரில் இருக்கும்போது தனியாகவும் வைக்கலாம். சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டார்ட் மெனுவின் பவர் பட்டியலில் ஹைபர்னேட் என்ற தேர்வு கண்ணில் படாவிட்டால், அதே பக்கத்தில் தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் கீழே டிக் போடும் கட்டம் திறக்கும்.

ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி வகை டிஸ்க் தேய்ந்துவிடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதையும் கணக்காகவே பார்ப்போம். ஒரு தடவைக்கு 6 ஜிபி எழுதுகிறது, ஒரு நாளைக்கு நான்கு தடவை மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 9 டெராபைட்டுக்குள்தான் வரும். கடையில் கிடைக்கும் நல்ல 250 ஜிபி டிரைவ்கள் சிலவற்றுக்கு 150 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். பதினாறு வருடத்துக்கு மேல் ஆகும் அதைத் தொட. அதுவரை அந்த லேப்டாப்பே இருக்காது.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்வதிலும் ஒரு விஷயம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் நிரல்கள் மூடும்; ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதி ஹைபர்னேட் ஆகித்தான் போகிறது. அதனால்தான் ஏதாவது கோளாறு என்றால் அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள். ரீஸ்டார்ட்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அப்புறம் பிராசசர். பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி, பேலன்ஸ்டு, பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று பவர் மோடில் மூன்று தேர்வுகள் பார்த்திருப்பீர்கள். இவை உள்ளே என்ன செய்கின்றன என்று புரிந்துகொள்ள 2000ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் என்ற நுட்பத்தோடு லேப்டாப்புக்கான பென்டியம் 3ஐக் கொண்டுவந்தது. சார்ஜரில் இருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பிளக்கைப் பிடுங்கினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்.

வேகம் கால் பங்குகூடக் குறையவில்லை. மின்செலவோ கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. சிப்பின் செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறுகிறது, காரணம் அதுதான். 1.35ஐ 1.35ஆல் பெருக்கி 500ஆல் பெருக்குங்கள்; 1.6ஐ 1.6ஆல் பெருக்கி 650ஆல் பெருக்குங்கள். முதல் தொகை இரண்டாவதில் 55 சதவீதம்தான் வரும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் வோல்டேஜையும் இறக்கலாம், வோல்டேஜ் இறங்கினால் செலவு சட்டென்று விழும். லேப்டாப் பிராசசரின் பவர் அமைப்புகள் அத்தனைக்கும் இந்த ஒரு கணக்குதான் அடிப்படை. அன்று இரண்டே படிகள் இருந்தன. இன்றைய சிப்கள் ஒரு வினாடிக்குள் பல முறை ஏறி இறங்குகின்றன.

அப்படியானால் எப்போதும் மெதுவாக ஓடவிட்டால் மிச்சம்தானே என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பது மாதிரியான சின்ன வேலையை வேகமாக முடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதே பல நேரம் சிக்கனம். பிராசசர் விழித்திருந்தால் அதோடு ரேமும் மற்ற சுற்றுகளும் விழித்திருக்க வேண்டுமே. அதனால் சாதாரண வேலைக்கு பேலன்ஸ்டு போதும். வீடியோ ஏற்றுமதி, விளையாட்டு, பெரிய கோப்பைச் சுருக்குவது போல நீண்ட நேரம் ஓடும் வேலைகளில்தான் வேகத்தைக் கட்டுவது பயன் தரும்.

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸின் உள் அமைப்புகளில் பிராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக மாற்றுவது. ஒரு சதவீதத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சதவீதம், தேவைப்படும்போது அடிப்படை வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டும் டர்போ பூஸ்ட்டையே நிறுத்திவிடும். 2017இல் வந்த ஐ5-8250யூ சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை போகும். டர்போவை நிறுத்தினால் வேகம் அடிப்படைக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஃபேன் சத்தம் ஓய்ந்து கையில் சூடு தெரியாது. வேலை மெதுவாகும், அதுவும் உண்மை. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் மணிக்கணக்கில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது நிம்மதி. வீடியோ வெட்டுகிறவர்களுக்கு வேண்டாம். மாடர்ன் ஸ்டாண்ட்பை லேப்டாப்கள் பலவற்றில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். அங்கே பெஸ்ட் பவர் எஃபிஷியன்சியை வைத்துக்கொள்வதே போதும்.

திரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. லேசான வேலையில் அதிகம் குடிப்பது பெரும்பாலும் அதுதான். கண்ணுக்கு உறுத்தாத அளவு வெளிச்சம் போதும். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் பேட்டரியில் 60க்கு இறக்கிவிடுங்கள். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில், பேட்டரியில் இருக்கும்போது அது சும்மா விழித்திருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஏன் சீக்கிரம் இறங்குகிறது என்று என்னிடம் கொண்டுவந்த இரண்டு லேப்டாப்களில் காரணம் அதுவாகத்தான் இருந்தது.

இனி பேட்டரி. நம் ஊரில் லேப்டாப் வாங்கினால் கூடவே வரும் அறிவுரை, சார்ஜை முழுக்க இறக்கி முழுக்க ஏற்ற வேண்டும் என்பது. நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த காலத்து அறிவுரை அது. அரைகுறையாக இறக்கி ஏற்றினால் அந்த அளவையே பழகிக்கொள்ளும் குணம் அதற்கு இருந்தது. 1991இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அந்தக் குணம் கிடையாது. மாறாக, அடிவரை இறங்குவதும் உச்சிவரை ஏறி அங்கேயே நிற்பதும்தான் அதற்கு ஆகாதவை. சதவீதக் கணக்கு தப்பாகக் காட்டினால் மட்டும் எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றலாம்.

முழு சார்ஜில் ஒரு செல் வழக்கமாக 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த உயரத்தில் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்திருந்த பேட்டரி தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். முழு சார்ஜோடு வைத்திருந்தால் 80. அதுவே 40 டிகிரி என்றால் முதலாவது 85, இரண்டாவது 65. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல், சும்மா வைத்திருந்தே இவ்வளவு இழப்பு. வேலூரிலோ மதுரையிலோ கோடையில் மேசைமேல் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி 40 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. டச்பேட் மேலே எழும்பி மூடி சரியாக மூடாமல், பேட்டரி உப்பிய லேப்டாப்களைப் பழுது பார்க்கிறவர்கள் அடிக்கடி பார்ப்பதற்கு இந்தச் சூடும் முழுச் சார்ஜும் முக்கியக் காரணம். அப்படி உப்பினால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பார்க்கவோ குத்தவோ கூடாது.

சார்ஜ் உச்சிவரை ஏறாமல் நிறுத்திவைக்கும் அமைப்பு விண்டோஸின் பவர் பக்கத்தில் பொதுவாக இருக்காது என்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ பயாஸிலோ தேட வேண்டும். லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்று பெயர். ஏசஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு உண்டு. டெல்லில் பெரும்பாலும் சார்ஜரிலேயே வைத்திருக்கிறேன் என்று சொல்லும் தேர்வு உண்டு. எச்பியில் பல மாடல்களில் பயாஸுக்குள் இருக்கும். லினக்ஸில் டிஎல்பி என்ற கருவி, லேப்டாப் இடம் கொடுத்தால், இதையே செய்யும். ஆப்பிள் 2020இல் மேக்கில் பேட்டரி ஆரோக்கியத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. இந்தக் கட்டுரையில் நான் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், மேசையை விட்டு அதிகம் நகராத லேப்டாப்புக்கு இந்த 80 சதவீத வரம்பைப் போடுங்கள்.

ஆனால் நூற்றுக்கு நூறு வேண்டிய நாட்களும் வரும். 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு நாளில் பாதியைத் தின்றதை மறக்க முடியாது. 2022இல் இலங்கையில் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் வரம்பை எடுத்துவிட்டு முழுக்க ஏற்றி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் என்று அறிவிப்பு வந்தால், இன்று இரவு வரம்பை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். பேட்டரி உச்சியைத் தொடுவதால் கேடு வந்துவிடாது, அங்கேயே வாரக்கணக்கில் நிற்பதால்தான் வருகிறது.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, முதலில் சொன்ன அதே கட்டளையோடு ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதுங்கள். வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுக்க ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவும் அருகருகே வரும். 50 வாட் மணியாக இருந்தது 42 ஆகியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 25 ஆகியிருந்தால் புதிது வாங்கும் நேரம். அதுவரை ஓட்ட வேண்டுமென்றால் இன்னொரு இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். சார்ஜ் அபாய அளவுக்கு இறங்கியதும் தானாக ஹைபர்னேட் ஆகும் எல்லை வழக்கமாக 5 சதவீதத்தில் இருக்கும். பழைய பேட்டரி 8 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும், சேமிக்காத வேலை போய்விடும். பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரி என்ற பகுதியில் அந்த எல்லையை 12க்கோ 15க்கோ ஏற்றிவிட்டால், வேலையை டிஸ்க்கில் எழுதிவைக்க அதற்கு நேரம் கிடைக்கும்.